கூண்டுக்கு அடியில் இருக்கும் சேறு

போன இதழில் கடல் கூண்டுகளில் மீன் வளர்ப்பதைப் பற்றி எழுதியபோது, மீன் கூண்டும் ஆளிச் சிப்பி வளர்க்கும் கயிறும் தங்களுக்கு அடியில் இருக்கும் கடலடிச் சேற்றைக் கெடுக்கலாம் என்று கடைசியில் நான்கு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த நான்கு வரியைப் பற்றித்தான். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். இருபத்திரண்டு வருடமாகக் கடலடிச் சேற்றைக் குழாயில் எடுத்து, அதில் இருக்கும் பாக்டீரியாவைப் படிப்பதுதான் என் வேலை. மீனைப் பற்றி ஆயிரம் பேர் கேட்பார்கள், மீனுக்குக் கீழே இருக்கும் தரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் சேற்றுக்கே.

கேள்வி: நான்கு வருடமாகக் கடலில் கூண்டு வைத்து மீன் வளர்க்கிறேன் மேடம். போன மாதம் நங்கூரத்தைத் தூக்கியபோது அதில் ஒட்டிக்கொண்டு வந்த சேறு கரி மாதிரி கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். மீன் என்னவோ நன்றாகத்தான் தீவனம் எடுக்கிறது. நான் பயப்பட வேண்டுமா?

நங்கூரச் சேற்றை மட்டும் வைத்துக்கொண்டு நான் எதுவும் சொல்ல மாட்டேன். நங்கூரம் தரையில் ஆழ இறங்கிப் பிடித்திருக்கும். சேறு படியும் கரையோரக் கடலில், கூண்டே இல்லாத இடத்தில்கூட, ஒரு சாண் ஆழம் தோண்டினால் பெரும்பாலும் கறுப்புச் சேறுதான் வரும். லேசாக நாற்றமும் இருக்கும். கறுப்பு எவ்வளவு மேலே ஏறி வந்திருக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். சுண்டுவிரல் நுனி அளவு கடலடிச் சேற்றில், அதாவது ஒரு கன சென்டிமீட்டரில், சுமார் 100 கோடி பாக்டீரியா இருக்கும். அதே அளவு கடல்நீரில் 10 லட்சம்தான். மேலிருந்து விழும் செத்த பாசி, எச்சம் எல்லாவற்றையும் சிதைத்து, மறுபடி உப்பாகவும் வாயுவாகவும் கடலுக்குத் திருப்பிக் கொடுப்பவை இவைதான். நாம் மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டியது போல அவற்றுக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். ஆனால் கரையோரச் சேற்றுக்குள் ஆக்ஸிஜன் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அது தீர்ந்த இடத்தில் நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடும் கூட்டம் இருக்கும். அதற்குக் கீழே மாங்கனீசு, பிறகு இரும்பு, அப்புறம் சல்பேட். எல்லாம் தீர்ந்த பிறகு, மீத்தேன் வாயு விடும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். மாடி வீட்டில் தளத்துக்கு ஒரு குடும்பம் போல அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன.

இதில் சல்பேட்தான் பெரிய கிடங்கு. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் பொதுவாகப் பத்து மில்லிகிராமைத் தாண்டாது; சல்பேட்டோ இரண்டரை கிராமுக்கும் மேல். டென்மார்க்கின் லிம்ஃபியோர்டு கடற்கழியில் போ பார்க்கர் யோர்கன்சன் என்ற ஆய்வாளர் 1970களில் அளந்து பார்த்தபோது, சேற்றில் சிதையும் கரிமப் பொருளில் ஏறக்குறைய பாதி சல்பேட் வழியாகவே சிதைவதாகத் தெரிந்தது. ஆக, சல்பேட் பாக்டீரியா இருப்பது நோய் கிடையாது. அவை கீழ்த்தளத்தில் இருந்தபடி பாதி வேலையை எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது? மீன் தின்னாமல் விட்ட தீவனமும் எச்சமும் ஒரே இடத்தில் நாள்தோறும் விழும்போது, மேல்தளத்து ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது. கீழ்த்தளத்துக்காரர்கள் மேலே ஏறி வருகிறார்கள். அவர்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் உங்கள் மூக்கில் ஏறிய நாற்றம். சேற்றில் இருக்கும் இரும்பு அதைப் பிடித்துக்கொண்டால் இரும்பு சல்பைடு, அதுதான் கறுப்பு. இரும்பு கைவசம் இருக்கும்வரை சல்பைடு அடங்கிக் கிடக்கும். இரும்பு தீர்ந்தால் அது சேற்று நீரில் கரைந்து மேலே வரும். அது விஷம். முதலில் போவது புழுக்களும் சின்னச் சிப்பிகளும். நாற்றத்தையும் சகித்துக்கொண்டு வாழும் கேப்பிட்டெல்லா என்ற சிவப்பு நூல் போன்ற புழு மட்டும் கொஞ்ச நாள் கூட்டமாகப் பெருகும். பிறகு அதுவும் இருக்காது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. உள்ளே தெரிகிற மாதிரியான பிளாஸ்டிக் குழாய், ஐந்து சென்டிமீட்டர் அகலம், அரை மீட்டர் நீளம். அனுபவமுள்ள முங்குநீச்சல்காரரை வைத்துக் கூண்டுக்கு நேர் கீழே அதைச் செங்குத்தாகச் சேற்றில் இறக்கி, இரண்டு பக்கமும் அடைப்பான் போட்டு அசையாமல் மேலே கொண்டுவாருங்கள். நீரோட்டம் போகும் திசையில் ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொன்று. அதே ஆழத்தில், நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம், அரை கிலோமீட்டர் தள்ளி மூன்றாவது. மூன்றையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள்.

நான் மறக்காத ஒரு ஜோடிக் குழாய்கள் உண்டு. தொலைவில் எடுத்ததில் மேலே கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புச் சேறு. அதற்குக் கீழே சாம்பல், பிறகு கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் புழு துளைத்துக்கொண்டு போன வழி ஒன்று. அந்தத் துளையின் ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு. புழு தன் உடம்பை ஆட்டி ஆட்டி மேலேயிருந்து ஆக்ஸிஜன் உள்ள நீரை உள்ளே இழுக்கிறது. அந்தத் துளையைச் சுற்றி மேல்தளத்துப் பாக்டீரியா கீழே இறங்கிக் குடியிருக்கின்றன. கூண்டுக்குக் கீழே எடுத்த குழாயில் பழுப்பு என்பதே இல்லை. மேலிருந்து அடிவரை ஒரே கறுப்பு, களி போன்ற குழைவு. உருமாறாத தீவன உருண்டைகள்கூட மேலே கிடந்தன. குழாயின் சுவரை ஒட்டிக் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறின. அன்று என் கையுறை கிழிந்திருந்தது. மாலையில் கை கழுவும்போது பார்த்தால், விரலில் போட்டிருந்த வெள்ளி மோதிரம் கறுத்திருந்தது.

உங்கள் குழாயில் பழுப்புத் தோல் விரல் அகலத்துக்கு இருந்தால் நிம்மதியாக இருங்கள். நகத்தின் கனம்தான் என்றால் தீவனத்தைக் குறைத்து, விழுவதைக் கவனியுங்கள். இல்லவே இல்லை என்றால் இந்த அறுவடையோடு இடத்தை மாற்றுங்கள். மீன் நன்றாகத் தின்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கீழே நடப்பது மேலே வந்து சேரக் காலம் எடுக்கும். வந்து சேரும்போது, காற்றில்லாத ஒரு நாளில் மொத்தமாக வரும்.

கேள்வி: வலை தைக்க முங்கும் வேலை எனக்கு. கூண்டுக்குக் கீழே தரையில் பஞ்சை விரித்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது, கையை ஆட்டினால் கலைகிறது. பூஞ்சை என்கிறார்கள். உண்மையா அம்மா?

பூஞ்சை இல்லை தம்பி, பாக்டீரியாதான். பெக்கியாட்டோவா என்று பெயர். இழை இழையாக வளரும். தனித்தனிப் பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது என்று படித்திருப்பீர்கள், இவை கூடி விரிப்பாக வளர்வதால் நீங்கள் வெறும் கண்ணால் பார்க்கிறீர்கள். கீழிருந்து வரும் சல்பைடையும் மேலிருந்து வரும் ஆக்ஸிஜனையும் சேர்த்து எரித்து உயிர் வாழ்கின்றன. பாதி எரிந்த கந்தகத்தை உடம்புக்குள்ளேயே துளித்துளியாகச் சேர்த்து வைக்கின்றன. அந்தக் கந்தகத் துளிகள்தான் வெள்ளையாகத் தெரிகின்றன. உயிரில்லாத ஒரு பொருளை எரித்தே ஓர் உயிர் பிழைக்க முடியும் என்று செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய நுண்ணுயிரியலாளர் 1887இல் முதன்முதலாகக் கண்டது இந்த இழைகளை நுண்ணோக்கியில் பார்த்துத்தான். நீங்கள் கையை ஆட்டிக் கலைத்தது அவ்வளவு பெரிய விஷயத்தை.

வெள்ளை விரிப்பு உங்களுக்குச் சொல்வது இரண்டு சேதி. கீழே சல்பைடு நிறைய இருக்கிறது. மேலே ஆக்ஸிஜன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தால் எச்சரிக்கை. தரை முழுக்கப் பாய் விரித்தது போல இருந்தால் அந்த இடம் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் நீங்கள் முங்கும்போது வெள்ளை காணாமல் போயிருக்கலாம். உடனே சரியாகிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். பழுப்புத் தரை தெரிந்தால் நல்ல சேதி. கறுப்புத் தரை தெரிந்தால், மேலேயிருந்த ஆக்ஸிஜனும் போய், அந்த இழைகளுக்கே மூச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே கூண்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இதே வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் இன்னொரு பாக்டீரியாவும் உண்டு. 2012இல்தான் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பி பாக்டீரியா என்று சொல்லலாம். ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே வரிசையில் கோத்து, சென்டிமீட்டர் நீளத்துக்குச் சேற்றுக்குள் செங்குத்தாக நிற்கும். கீழ்நுனியில் சல்பைடை எரித்து, அதில் கிடைக்கும் எலக்ட்ரானை மின்கம்பி போல மேல்நுனிக்குக் கடத்தி, அங்கே ஆக்ஸிஜனிடம் கொடுக்கும். நெதர்லாந்தின் கிரேவலிங்கன் ஏரியில், இந்தக் கம்பிகள் சேற்றின் மேல்பரப்பில் இரும்புத் துருவைச் சேர்த்து வைத்து, கோடையில் ஆக்ஸிஜன் குறையும் நேரத்தில் சல்பைடு நீருக்குள் வராமல் தடுக்கின்றன என்று 2015இல் காட்டினார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தரை தன்னைத் தானே காத்துக்கொள்ள எவ்வளவு வழி வைத்திருக்கிறது! நாம் அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் போதும்.

கேள்வி: மீனுக்குத் தீவனம் போடுகிறோம், தரை கெடுகிறது. புரிகிறது. நாங்கள் கயிற்றில் ஆளிச் சிப்பி வளர்க்கிறோம். ஒரு பிடி தீவனம்கூடப் போடுவதில்லை. எங்களையும் ஏன் சேர்த்துச் சொல்கிறீர்கள்?

நியாயமான கோபம். நீங்கள் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து கொட்டுவதில்லை. ஆளி தண்ணீரில் ஏற்கெனவே மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்கிறது. வளர்ந்த ஓர் ஆளி ஒரு மணி நேரத்தில் சில லிட்டர் நீரை வடிகட்டிவிடும். அறுவடை செய்யும்போது கடலிலிருந்து நைட்ரஜனை வெளியே எடுக்கவும் செய்கிறீர்கள். இதெல்லாம் உண்மை, இதற்கான பெருமை உங்களுக்கு உரியது.

ஆனால் தின்றது போக மிச்சத்தை ஆளி சளியில் உருட்டித் துப்புகிறது, எச்சமும் விடுகிறது. தனித்தனியாக மிதந்து எங்கெங்கோ போயிருக்க வேண்டிய பாசி, உருண்டையாகி உங்கள் கயிற்றுக்கு நேர் கீழே விழுகிறது. விரிகுடா முழுக்கப் பரவ வேண்டிய மழை ஒரே கூரையின் தாழ்வாரத்தில் கொட்டுவது மாதிரி. 1980களின் தொடக்கத்திலேயே ஸ்வீடனில் ஆளிக் கயிறுகளுக்குக் கீழே சல்பேட் பாக்டீரியாவின் வேகம் கூடியிருப்பதை அளந்திருக்கிறார்கள். ஸ்பெயினின் கலீசியாவில் கடற்கழிகள் முழுக்க ஆளித் தெப்பங்கள் மூவாயிரத்துக்கும் மேல் நிற்கின்றன. மீன் கூண்டின் அளவுக்கு மோசமாகாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் தெரிந்திருப்பது. நீரோட்டம் நன்றாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. நெருக்கமாகக் கயிறு கட்டி, நீர் தேங்கும் மூலையில் வைத்தால் கறுக்கும்.

இங்கே நைட்ரஜனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. எச்சம் சிதையும்போது முதலில் வருவது அம்மோனியம். மேல்தளத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் ஒரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். ஒரு மில்லிமீட்டர் கீழே இருக்கும் இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். மிக மெல்லிய ஓர் எல்லைக் கோட்டில் நடக்கும் கைமாற்று இது. விரிகுடாவின் அதிகப்படி உரம் இப்படித்தான் கழிகிறது. சல்பைடு மேலே ஏறினால் முதலில் அடிபடுவது அம்மோனியத்தை மாற்றும் அந்த முதல் கூட்டம். அவை நின்றால் சங்கிலி அறுந்துவிடும். அம்மோனியம் அப்படியே மேலே நீருக்குப் போகும். பாசி பெருகும், செத்து விழும், மறுபடி ஆக்ஸிஜன் குறையும். அப்போது தரை விரிகுடாவைச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டு, அதற்கே உரம் போட ஆரம்பிக்கிறது.

மட்டி வளர்ப்பவர்கள் கதை கொஞ்சம் வேறு. மட்டி சேற்றுக்குள்ளேயே புதைந்து, குழல் வழியாக நீரை உள்ளே இழுப்பதால், அந்தப் புழுவைப் போலவே ஆக்ஸிஜனையும் இறக்கும். அளவாக இருந்தால் தரைக்கு உதவி.

கேள்வி: கடலடிக் கழிவைத் தின்னும் பாக்டீரியா என்று ஒரு பொடி விற்கிறார்கள். கூண்டைச் சுற்றித் தூவலாமா?

வேண்டாம். திறந்த கடலில் அது நீரோட்டத்தோடு போய்விடும். உங்கள் தரையில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சம் ஆக்ஸிஜனுக்குத்தான். அந்தப் பணத்தை, தீவனம் வீணாவதைப் பார்க்கத் தண்ணீருக்குள் வைக்கும் கேமராவுக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: நான் நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு மாணவி. மீனுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் கடலடிப் பாக்டீரியாவை என்ன செய்கிறது மேடம்?

தீவனத்தில் கலந்து கொடுக்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்தை மீன் முழுதாக உறிஞ்சுவதில்லை. பெரும்பகுதி எச்சத்தோடும், நோயுற்ற மீன் தின்னாமல் விட்ட தீவனத்தோடும் தரைக்குப் போகிறது. கடல்நீரின் மக்னீசியமும் கால்சியமும் அதைக் கட்டிப்போட்டு வீரியத்தைக் குறைக்கின்றன என்பது ஒரு சின்ன ஆறுதல். ஆனால் சேற்றில் புதைந்தால், வெளிச்சமும் ஆக்ஸிஜனும் இல்லாத இடத்தில், மாதக்கணக்கில் சிதையாமல் கிடக்கும். நெருக்கமாக வாழும் 100 கோடி பேர் நடுவில் எதிர்ப்பு மரபணு ஒன்று வந்தால் கைமாறிப் போக வசதி அதிகம். மருந்தே போடாத பண்ணையிலும் இது நடக்கலாம். தீவனத்தில் சேர்க்கும் மீன் தூளோடு எதிர்ப்பு மரபணுக்கள் வந்து சேற்றில் பெருகுவதைச் சீன ஆய்வாளர்கள் 2017இல் காட்டியிருக்கிறார்கள்.

மாற முடியாது என்று நினைக்காதீர்கள். நார்வேயில் 1987இல் சால்மன் வளர்ப்புக்கு ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. தடுப்பூசி வந்த பிறகு, உற்பத்தி பல மடங்கு கூடியும், அது ஒரு டன் அளவுக்கு இறங்கியது. சிலியில் இன்னும் வருடத்துக்கு 300 டன்னுக்கு மேல் போகிறது. அங்கே மீனைத் தாக்கும் பாக்டீரியா வேறு, அதற்கு நன்றாக வேலை செய்யும் தடுப்பூசி இன்னும் அமையவில்லை. உங்களைப் போன்றவர்கள் வர வேண்டிய இடம் அது. வாருங்கள் அம்மா.

கேள்வி: கூண்டை எடுத்துவிட்டால் தரை எத்தனை நாளில் பழையபடி ஆகும்? கடல் அட்டை விட்டால் சீக்கிரம் சுத்தமாகுமா?

நார்வேயில் அறுவடைக்குப் பிறகு குறைந்தது இரண்டு மாதம் இடத்தைச் சும்மா விட வேண்டும் என்பது விதி. அங்கே சேற்றை ஆராய்வதற்கென்றே ஒரு தேசியத் தரமும் இருக்கிறது: அமில அளவு, ஆக்ஸிஜனேற்ற அளவு, நிறம், நாற்றம், குழைவு, குமிழி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். நான் சொன்ன குழாய் முறைக்கு அது அண்ணன் மாதிரி.

இரண்டு மாதம் எல்லா இடத்துக்கும் போதாது. ஒருமுறை நானே ஏமாந்தேன். ஏழு மாதம் சும்மா கிடந்த ஓர் இடத்தில் நாற்றம் போயிருந்தது, பழுப்புத் தோல் திரும்பியிருந்தது. சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். கூண்டு மறுபடி இறங்கியது. முதல் தடவை கறுக்க இரண்டு வருடம் எடுத்த தரை, இந்தத் தடவை ஒரு வருடத்துக்குள் கறுத்தது. நான் மேலே இருந்த இரண்டு சென்டிமீட்டரை மட்டும் பார்த்திருந்தேன். கீழே பழைய கழிவு அப்படியே புதைந்து கிடந்தது, சல்பைடைப் பிடிக்க வேண்டிய இரும்பும் ஏற்கெனவே செலவாகியிருந்தது. அந்த மீன்களும் அந்த வருமானமும் போனதில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு. அதிலிருந்து இருபது சென்டிமீட்டர் குழாய் இல்லாமல் நான் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. புழுத் துளைகள் திரும்பியிருக்கின்றனவா என்றும் பார்க்கிறேன். பாக்டீரியா சில மாதங்களில் மாறிவிடும்; புழுக்கள் வந்து குடியேற அதைவிட நாளாகும்.

கடல் அட்டை மேல்சேற்றைத் தின்று புரட்டிப் போடும், உதவிதான். ஆனால் கூண்டுக்கு நேர் கீழே சல்பைடு இருக்கும் இடத்தில் விட்டால் செத்துவிடும். ஓரத்தில் விடுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபது வயது. சின்ன வயதிலிருந்து இதே கடலில் தொழில். இப்போது எங்கள் விரிகுடாவுக்குள் கூண்டுகள் வரப்போகின்றன என்கிறார்கள். கடல் பெரிசு, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்றும் சொல்கிறார்கள். போய்விடுமா அம்மா?

கொஞ்சம் போகும் ஐயா, எல்லாம் போகாது. எச்சமும் தீவனமும் பெரும்பாலும் கூண்டைச் சுற்றிச் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் விழும். நீரோட்டம் போகும் பக்கம் முட்டை வடிவில் நீண்டிருக்கும். ஆழமும் ஓட்டமும் அதிகமான இடத்தில் மெலிதாகப் பரவும், தரை தாங்கிக்கொள்ளும். வாய் குறுகிய விரிகுடாவில், நீர் தேங்கும் இடத்தில், அப்படியே குவியும். கரைந்த அம்மோனியம் மட்டும் விரிகுடா முழுக்கப் போகும். பத்துக் கூண்டு தாங்கும் இடம் நூறைத் தாங்குமா என்பதைத் தனித்தனிக் கூண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, மொத்தமாகத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதில் உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. எந்த இடத்தில் நங்கூரம் போட்டால் மணல் வரும், எங்கே சேறு வரும், எந்த மாதத்தில் எந்த மூலையில் ஓட்டம் நின்றுபோகும் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. கூண்டு வைக்க இடம் பார்க்க வரும்போது அதைச் சொல்லுங்கள். கூண்டு இறங்குவதற்கு முன்பே, அந்த இடத்துச் சேற்றை முதல் பதிலில் சொன்ன மாதிரி ஒரு குழாயில் எடுக்கச் சொல்லி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது "இங்கே சேறு எப்போதுமே கறுப்புதான்" என்று சொன்னால், அந்தப் படத்தை எடுத்துக் காட்டலாம்.